மலையைச் சுற்ற ஒரு காரணம்

நம் வயதுக்காரர்கள் யாரைப் பார்த்தாலும் இப்போது இதே பேச்சுதான். டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கிறார். சர்க்கரையா, நட. ரத்தக் கொதிப்பா, நட. தூக்கம் வரவில்லையா, அதற்கும் நட. எனக்கும் சொல்லியிருக்கிறார்கள்.

காலையில் காளவாசலில் கடையைத் திறக்கப் போகும்போது பார்க்கிறேன். பெண்கள் இரண்டு பேராக, மூன்று பேராக, சேலைக்குக் கீழே கனத்த ஷூவைப் போட்டுக்கொண்டு பைபாஸ் ரோட்டோரமாக வேகமாக நடக்கிறார்கள். யாரும் அவர்களை நிறுத்தி எங்கே என்று கேட்பதில்லை. நான் வண்டியை ஓரங்கட்டிக் கொஞ்ச நேரம் பார்ப்பேன். பிறகு தப்பாக நினைத்துவிடப் போகிறார்களே என்று கூச்சம் வந்து கிளம்பிவிடுவேன். எனக்கு அம்மா நடந்த காலம் ஞாபகம் வந்துவிடும். நீங்களும் என் வயதுதான் என்பதால் சொன்னால் புரியும். சின்னவர்களிடம் சொன்னால், நடப்பதற்குப் போய் இவ்வளவு கதையா என்பார்கள்.

அப்போது நாங்கள் திருப்பரங்குன்றத்தில் இருந்தோம். ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் அப்பா இட்லிக் கடை வைத்திருந்தார். கடைக்குப் பின்னால் வீடு. வீட்டில் அப்பா, அம்மா, நான், அப்பாவின் அக்கா. அத்தைக்குக் கல்யாணமான கொஞ்ச நாளிலேயே மாமா இறந்துவிட்டார். தம்பி வீட்டுக்கு வந்தவள் அங்கேயே இருந்துவிட்டாள். கல்லாப்பெட்டியைத் தவிர மற்றதெல்லாம் அத்தை சொல்கிறபடிதான் நடக்கும்.

கடைக்கு வேண்டிய மாவு முழுவதையும் அம்மாதான் ஆட்டுவாள். கொல்லையில் பெரிய ஆட்டுரல் ஒன்று இருந்தது. குழவி கல்லில் உரசுகிற சத்தத்தில்தான் நான் விடியற்காலையில் கண் விழிப்பேன். உளுந்து நுரைத்து வருகிற வாசனை வீடு முழுக்க இருக்கும். அம்மாவின் வலது கை இடது கையைவிடப் பருத்திருந்தது. விரல் நுனிகள் எப்போதும் ஊறி வெளுத்துக் கிடக்கும். மாவு முடிந்தால் தண்ணீர், தண்ணீர் முடிந்தால் சட்னி, சட்னி முடிந்தால் தட்டு கழுவுவது, அதற்குள் அடுத்த நாளைக்கு அரிசி ஊறப்போடுவது. அம்மா உட்கார்ந்து நான் பார்த்தது ஆட்டுரலுக்கு முன்னால் மட்டும்தான்.

ஒரு வருஷம் மழை முடிந்து பனி இறங்கிய சமயத்தில் அம்மாவுக்குக் கால் வீங்கியது. கணுக்காலில் விரலை வைத்து அழுத்தினால் குழி விழும், மெல்ல மெல்லத்தான் நிரம்பும். நான் வரிசையாகக் குழி போட்டு விளையாடுவேன். அம்மா தடுக்க மாட்டாள். யாராவது காலைத் தொட்டுக்கொண்டிருந்தால் போதும் என்று இருந்திருக்கும். இப்போது நினைத்தால் அப்படித்தான் தோன்றுகிறது. ராத்திரி தூக்கம் கிடையாது. பகலில் நின்ற இடத்தில் கண் சொருகும். ஒரு நாள் மாவைத் தள்ளிக்கொண்டே தூங்கிவிட்டாள். குழவிக்கும் கல்லுக்கும் நடுவே விரல் சிக்கி நகம் போய்விட்டது.

மிஷன் ஆஸ்பத்திரிக்கு அப்பா அழைத்துப் போனார். நானும் கூடப் போனேன். அங்கே இருந்த டாக்டரம்மா விரலுக்குக் கட்டுப்போட்டுவிட்டு, கேட்காமலேயே காலைப் பார்த்தார், கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். பிறகு, உங்களுக்கென்று ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார். அம்மாவுக்குக் கேள்வி விளங்கவில்லை. பதில் சொல்லுங்கள் என்பது போல அப்பாவைப் பார்த்தாள். அப்பா கூரையைப் பார்த்தார்.

"வேலை செய்யுறது வேற, நடக்குறது வேற," என்றார் டாக்டரம்மா. "கையில எதுவும் இல்லாம, யாரும் கூப்பிடாத எடத்துல, காலையில ஒரு மணி நேரம் நடங்க. நான் குடுக்குற மாத்திரை பாதிதான் செய்யும். மீதிய நீங்கதான் செய்யணும்."

அந்தம்மா நம்மைக் கேலி செய்கிறது என்று அப்பா பஸ்ஸில் வரும்போது சொன்னார். வீட்டில் அத்தையும் அதையேதான் சொன்னாள். நாள் பூராவும் கால் தரையில் பாவாமல் ஓடுகிறவளுக்கு நடப்பதா மருந்து என்றாள். அத்தை கெட்டவள் இல்லை. அவள் கேட்ட அடுத்த கேள்விதான் உண்மையான கேள்வி: "அந்த ஒரு மணி நேரம் ஆட்டுரலுக்கு முன்னால யாரு உக்காருறது?"



அம்மாவே ஒரு பதில் கண்டுபிடித்தாள். இன்னும் முன்னதாக எழுந்து மாவை ஆட்டி முடித்துவிட்டு, விடிகிற நேரத்தில் யாரிடமும் சொல்லாமல் ரோட்டில் இறங்கி நடந்தாள். டாக்டரம்மா சொன்னபடியே கையில் ஒன்றும் இல்லை. குடமும் இல்லை, கூடையும் இல்லை, நானும் இல்லை. நம் ஊரில் அந்தக் காலத்தில் அரை இருட்டில் ஒரு பெண் வெறுங்கையோடு வேகமாகப் போனால் அதற்கு இரண்டே காரணம்தான். ஒன்று, பிறந்த வீட்டில் சாவு. இல்லையென்றால், புகுந்த வீட்டில் சண்டை. எதிரே வந்த பால்காரர் சைக்கிளை நிறுத்தி, யாருக்கு என்ன ஆச்சு என்று கேட்டிருக்கிறார். யாருக்கும் ஒன்றும் இல்லை என்று அம்மா சொல்லியிருக்கிறாள். அப்படியானால் இரண்டாவது காரணம்தான் என்று முடிவுகட்டி அவர் கடைக்கு ஓடிவந்தார்.

"அண்ணே, மதினி தண்டவாளப் பக்கமா போறாக. வீட்டுல என்னமும் சண்டையா?"

அப்பா கையில் இருந்த கரண்டியோடு சைக்கிளில் ஏறினார். அடுப்பில் இட்லி வெந்துகொண்டிருந்தது. ரயில்வே கேட்டைத் தாண்டி அம்மாவைப் பிடித்து, பின்னால் கேரியரில் உட்காரவைத்துக் கூட்டி வந்தார். தெருவே வாசலில் நின்றது. அம்மா தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். அப்பாவின் கரண்டி அவள் மடியில் இருந்தது. "நடக்கத்தான் போனேன்" என்று அன்றைக்குப் பல தடவை சொன்னாள். அதை யாரும் ஒரு பதிலாகவே எடுத்துக்கொள்ளவில்லை. கடைக்கு வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று அத்தை அன்று முழுவதும் புலம்பினாள்.

கொஞ்ச நாள் அம்மா சும்மா இருந்தாள். கால் வீக்கம் முழங்காலுக்கு ஏறியது. பிறகு ஒரு நாள் மத்தியானம், அத்தை அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தபோது, அம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"மதினி, தெனமும் காலையில மலையச் சுத்துறதா வேண்டிருக்கேன்."

அத்தை கையை நிறுத்திவிட்டு, என்ன வேண்டுதல் என்று கேட்டாள். அம்மா சுற்றுமுற்றும் பார்த்தாள். அரிசி டிரம்முக்குப் பின்னால் நான் நின்றுகொண்டிருந்தேன்.

"இவன் நாலு பேரு முன்னால வாயத் தொறக்கணும்னு."

நான் அப்படித்தான் இருந்தேன். பேச வராமல் இல்லை. அம்மாவிடம் பேசுவேன். வேறு ஆள் வந்துவிட்டால் வாய் ஒட்டிக்கொள்ளும். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் பேர் கேட்டால்கூடத் தரையைப் பார்ப்பேன். கடைக்கு வருகிறவர்கள், பையனுக்குப் பேச்சு வராதா என்று அப்பாவிடம் கேட்பார்கள். அப்பாவின் முகம் சுருங்கிப்போகும். அதனால் அம்மா சொன்னதை யாரும் சந்தேகப்படவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததுதான் அதிசயம். மறுநாள் விடியற்காலை ஆட்டுரலுக்கு முன்னால் அத்தை உட்கார்ந்திருந்தாள். மீதி வேலைக்குப் பக்கத்துத் தெருவிலிருந்து ஒரு அம்மாளை அப்பா ஏற்பாடு செய்தார். ஒரு மணி நேரத்துக்கு இடமே இல்லாத வீட்டில், சாமி பேரைச் சொன்னதும் இடம் வந்துவிட்டது. வேண்டுதலே எனக்காக என்பதால் நானும் கூடப் போக வேண்டும் என்று அத்தை சொன்னாள்.

இப்போது அந்தப் பாதையில் தார் போட்டு விளக்கெல்லாம் போட்டிருக்கிறார்கள். அப்போது முக்கால்வாசி மண்தான். கோயில் வாசலில் கும்பிட்டுவிட்டுக் கிளம்புவோம். கடைத்தெரு தாண்டும்வரை அம்மா சாமி கும்பிடுகிற நடையாகத்தான் நடப்பாள். தலை குனிந்து, கை கூப்பி, மெதுவாக. வீடுகள் முடிந்து மலையின் பின்பக்கம் திரும்பியதும் நடை மாறும். பாதையோரம் ஒரு சிமெண்டுக் குழாய் கிடந்தது. அதற்குள் அம்மா பழைய ரப்பர் செருப்பு ஒரு ஜோடியை ஒளித்து வைத்திருந்தாள். நீல வார், ஒரு பக்கம் அறுந்து ஊக்கு குத்தியது. வெறுங்காலோடு நடக்கக் கூடாது, பித்தவெடிப்பில் புண் வந்துவிடும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். சாமிக்கு நடக்கிறவள் செருப்புப் போடக் கூடாது என்று அத்தை சொல்லியிருந்தாள். ஆகவே ஊர் பார்க்கிற இடத்தில் வெறுங்கால், பார்க்காத இடத்தில் செருப்பு.

சேலையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு வீசி நடப்பாள். ஆரம்பத்தில் கையை என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. முந்தானையைப் பிடித்துக்கொள்வாள், என் தோளைப் பிடித்துக்கொள்வாள், ஒரு குச்சியை ஒடித்து வைத்துக்கொள்வாள். கொஞ்ச நாளில் கை தானாக ஆடப் பழகிவிட்டது. பாறையிலிருந்து இரவுக் குளிர் இறங்கி வரும். எங்கோ மயில் அகவும். கண்மாய்ப் பக்கமிருந்து சேற்று வாசனை காற்றில் ஏறிவரும். அம்மா மூச்சை இழுத்து இழுத்து விடுவது எனக்குக் கேட்கும். நான் வாய் ஓயாமல் பேசிக்கொண்டே கூட ஓடுவேன். பள்ளிக்கூடத்தில் சொல்லாத பதிலையெல்லாம் அங்கே சொல்வேன்.

ஒரு நாள், ஏம்மா சாமிகிட்ட வேண்டிக்கொள்ளவே மாட்டேன் என்கிறாய், வாய் அசையவில்லையே என்று கேட்டேன். நடக்கும்போது பேசினால் மூச்சு வாங்கும் என்றாள்.

தை பிறந்தபோது கால் வீக்கம் வடிந்திருந்தது. குழி போட்டுப் பார்த்தேன், விழவில்லை. எனக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது. ராத்திரி அம்மா குறட்டை விட்டுத் தூங்குகிறாள் என்று அத்தை எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தாள்.

அந்தச் சமயத்தில்தான் கடையில் அது நடந்தது. அப்பா தண்ணீர் எடுக்க உள்ளே போயிருந்தார். பார்சல் வாங்க வந்த ஒருவர் தன்னுடையதை விட்டுவிட்டு வேறு ஒருவருடைய பொட்டலத்தை எடுத்துக்கொண்டு படி இறங்கினார். நான் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். "அண்ணே, அது உங்க பொட்டலம் இல்ல" என்று கத்திவிட்டேன். கடையில் இருந்த எல்லோரும் திரும்பினார்கள். அப்பா குடத்தோடு அப்படியே நின்றார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

மலைச் சுற்றில் பேசிப் பேசி எனக்கு வாய் பழகியிருந்தது, அவ்வளவுதான். ஆனால் வீட்டில் முருகன் வாயைத் திறந்துவிட்டான் என்று ஆகிவிட்டது. வேண்டுதல் பலித்தால் உடனே பொங்கல் வைத்து முடித்துவிட வேண்டும் என்று அத்தை அன்றைக்கே சொல்லிவிட்டாள். இன்னும் கொஞ்ச நாள் சுற்றுகிறேனே என்று அம்மா மெல்லக் கேட்டுப் பார்த்தாள்.

"ஏத்தா, கேட்டதக் குடுத்த பெறகும் வாசல்ல போயி நின்னா, குடுத்தது பத்தலேன்னு அர்த்தம். சாமி குத்தமாயிரும்," என்றாள் அத்தை.



வாடிப்பட்டியிலிருந்து அம்மாவின் அண்ணன் குடும்பத்தோடு, வாழைத்தார் தூக்கிக்கொண்டு வந்தார். அப்பா அம்மாவுக்கு மாம்பழக் கலரில் புதுச்சேலை எடுத்தார். கல்யாணத்துக்குப் பிறகு அவராகப் போய் எடுத்த முதல் சேலை அதுவாகத்தான் இருக்கும். கோயிலுக்குப் பக்கத்தில் அடுப்பு மூட்டிச் சர்க்கரைப் பொங்கல் வைத்தார்கள். பெற்ற பிள்ளைக்காகப் பனியிலும் குளிரிலும் நடந்தாளே என்று வந்தவர்களெல்லாம் அம்மாவைப் புகழ்ந்தார்கள். வாடிப்பட்டி மாமா என்னைப் பேசச் சொல்லிச் சொல்லிக் கேட்டார். அம்மா புதுச்சேலையில் புகைக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். எல்லோரும் சந்தோஷத்தில் என்று நினைத்தார்கள். நான் புகை என்று நினைத்தேன்.

மறுநாள் வழக்கம்போல எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு கொல்லைக்குப் போனேன். ஆட்டுரலுக்கு முன்னால் அம்மா உட்கார்ந்திருந்தாள். அத்தை இன்னும் எழுந்திருக்கவில்லை. வேலைக்கு வந்த அம்மாளை முந்தின நாளோடு நிறுத்தியிருந்தார்கள்.

"வேண்டுதல்தான் முடிஞ்சிருச்சேய்யா. போ, இன்னுங் கொஞ்சம் தூங்கு," என்றாள்.

வெயில் ஏறத் தொடங்கியது. வீக்கம் திரும்பவும் வந்தது. ராத்திரி புரண்டு புரண்டு படுப்பாள். என் புத்திக்கு எட்டிய ஒரே வழியை நான் செய்தேன். மறுபடியும் வாயை மூடிக்கொண்டேன். கடையில், பள்ளிக்கூடத்தில், அப்பாவிடம், அத்தையிடம், யாரிடமும் ஒரு வார்த்தை கிடையாது. இப்படி இருந்தால் அம்மாவைத் திரும்ப அனுப்புவார்கள் என்று நினைத்தேன்.

அனுப்பவில்லை. பெற்றவள் சுற்றியும் நிலைக்கவில்லை என்றால் தகப்பன் சுற்ற வேண்டும் என்று அத்தை சொல்லிவிட்டாள். அப்பா மறுபேச்சுப் பேசாமல் விடியற்காலையில் வேட்டியை மடித்துக்கட்டி என்னைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார். அவர் பார்த்த காலை வேலையையும் சேர்த்து அம்மா பார்த்தாள். நாங்கள் மலையைச் சுற்றிவிட்டு வரும்போது கொல்லையிலிருந்து ஆட்டுரல் சத்தம் கேட்கும். அண்ணே, முகத்தில் களை வந்திருக்கு, உடம்பு இறங்கியிருக்கு என்று அப்பாவைப் பார்த்துக் கடைக்கு வருகிறவர்கள் சொன்னார்கள்.

அப்பாவும் நானும் பேசாமலேதான் நடப்போம். பின்பக்கம் வரும்போது அந்தக் குழாய்க்குள் எட்டிப் பார்ப்பேன். ஒரு நாள் செருப்பு இல்லை. யாரோ எடுத்துப் போயிருந்தார்கள். ஏனோ அன்றைக்கு என்னால் தாங்க முடியவில்லை. அப்பாவின் வேட்டியைப் பிடித்து இழுத்தேன்.

"அப்பா, அம்மா எனக்காக நடக்கல. டாக்டரம்மா சொன்னதுக்காகத்தான் நடந்துச்சு."

அப்பா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பக்கத்துப் பாறையில் உட்கார்ந்துவிட்டார். துண்டால் முகத்தைத் துடைத்தார், கழுத்தைத் துடைத்தார், திரும்பவும் முகத்தைத் துடைத்தார். கோபம் என்று நினைத்து நான் தள்ளி நின்றேன். எழுந்திருக்க அவருக்கு நெடுநேரம் ஆனது.

அன்று மத்தியானம் அத்தை விறகுக் கடைக்குப் போயிருந்தாள். அப்பா கொல்லைக்கு வந்தார். அம்மா மாவைத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

"சாமிகிட்டயா பொய் சொன்ன?" என்று கேட்டார்.

அம்மா கையை நிறுத்தவில்லை. "சாமிகிட்டச் சொல்லல. உங்க அக்காகிட்டத்தான் சொன்னேன். நான் நடக்கத்தான் வாரேன்னு சாமிக்குத் தெரியும்."

அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அம்மா குழவியைப் பார்த்தபடியே சொன்னாள்:

"பொய் சொன்னாத்தான் நேரங் கெடைக்குது. மொதல்ல நெசத்தத்தான் சொன்னேன். சைக்கிள்ல ஏத்திக் கூட்டியாந்தீக."

வேப்பம்பூ ஒன்று மாவில் விழுந்தது. அப்பா அதை எடுத்துப் போட்டுவிட்டுக் கடைக்குப் போய்விட்டார்.

இரண்டு மூன்று நாள் போனது. பிறகு ஒரு காலையில், அத்தை சட்னி தாளித்துக்கொண்டிருக்கும்போது, அப்பா அடுப்படி நிலையில் வந்து நின்றார்.

"அக்கா, நாளையிலருந்து அவ திரும்ப மலை சுத்துவா. எனக்காக வேண்டிருக்கா."

"உனக்கு என்னடா?"

"நெஞ்சு வலிக்குது."

"எம்புட்டு நாளா?"

"கொஞ்ச நாளாவே."

சொல்லும்போது அவர் காது சிவந்துவிட்டது. அத்தை கரண்டியைப் போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அம்மா என்னைப் பார்த்தாள், நான் அம்மாவைப் பார்த்தேன். எங்கள் இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது. அவள் உடம்புக்காக நடக்கட்டும் என்று சொல்ல வாய் வராமல் இந்த மனுஷர் இப்படி ஒரு பொய்யைத் தேடிப் பிடித்து வந்திருக்கிறாரே என்று நினைத்தோம். பிரியமாகவும் இருந்தது.

அம்மா மறுபடி நடந்தாள். நானும் மூடிய வாயைத் திறந்துகொண்டு அவளோடு போனேன். இந்தத் தடவை பொங்கல் வைத்து முடிக்க வழியில்லை. நெஞ்சு வலி தீர்ந்துவிட்டது என்று அப்பா சொன்னால்தானே முடிக்க முடியும்? அவர் சொல்லவே இல்லை. அதற்காக அவர் பட்ட பாடும் கொஞ்சமில்லை. அத்தை தினமும் மருதம்பட்டையைக் காய்ச்சிக் கசாயம் கொடுப்பாள். துவர்ப்பில் முகம் கோணக் கோணக் குடிப்பார். வடையைத் தொடக்கூடாது, பூரியைத் தொடக்கூடாது. உங்கள் கடை வடையை நீங்களே நம்புவதில்லையா அண்ணே என்று கடைக்கு வருகிறவர்கள் கேலி செய்வார்கள். அத்தை அந்தப் பக்கம் வந்தால் மறக்காமல் ஒரு கையை நெஞ்சில் வைத்துக்கொள்வார். அப்பா நன்றாக நடிக்கிறார் என்று மலைச் சுற்றில் நான் ஒரு நாள் சொன்னேன்.

"மெதுவாப் பேசு. கசாயத்தக் குடிக்கிறாகல்ல, அதுக்காச்சும் மரியாத வேணாமா?" என்றாள் அம்மா. சொல்லிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

இப்படியே பல வருஷம் ஓடியது. நான் ஐந்தாம் வகுப்போடு நின்று கடைக்கு வந்துவிட்டேன். கிரைண்டர் வாங்கினோம். அம்மாவுக்கு ஓய்வு கிடைக்கும் என்றுதான் அப்பா வாங்கினார். மாவு சீக்கிரம் ஆட்டி முடிந்ததால் ராத்திரிக்கும் கடை போட்டோம். ஆனால் அந்தக் காலை நேரத்தில் மட்டும் யாரும் கை வைக்கவில்லை. அது அப்பாவின் நெஞ்சுக்கான நேரம் என்று வீட்டில் எழுதாத சட்டம்.

எனக்கு மீசை முளைத்த பிறகு, ஒரு காலையில், இட்லிச் சட்டியை இறக்கும்போது அப்பா அப்படியே சரிந்தார். ஆட்டோவில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். சாயங்காலம்வரைகூட இருக்கவில்லை. சின்ன வயது டாக்டர் ஒருவர் வெளியே வந்து, எத்தனை நாளாக வலி இருந்தது என்று கேட்டார். அப்படி ஒன்றும் இல்லை என்று நான் சொல்ல வாயெடுத்தேன். பின்னால் நின்ற அத்தை முந்திக்கொண்டாள்.

"வருசக்கணக்கா இருக்கு சார். இவன் சின்னப் பயலா இருக்கும்போதிருந்து. நாந்தான் கசாயம் வச்சுக் குடுப்பேன்."

"இருந்திருக்கும்மா," என்றார் டாக்டர். "இது இன்னைக்கு நேத்து வந்த அடைப்பு இல்ல. ரொம்ப நாளாவே வலியோடதான் இருந்திருப்பாரு."

எந்த அத்தையை ஏமாற்றுகிறோம் என்று நாங்கள் சிரித்தோமோ, அவளுக்கு மட்டும்தான் உண்மை தெரிந்திருந்தது.

அம்மா அந்தச் சமயம் உள்ளே அப்பாவின் பக்கத்தில் இருந்தாள். டாக்டர் சொன்னது அவள் காதில் விழவில்லை. நானும் சொல்லவில்லை. காரியம் முடிந்தும் அம்மா நடக்கப் போகவில்லை. முன்னறையில் சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருப்பாள். பொய்யாகச் சொன்ன வலியைச் சாமி நிஜமாக்கிவிட்டது என்றும், இதெல்லாம் தன்னால் வந்தது என்றும் அக்கம்பக்கத்தில் ஒருத்தியிடம் சொல்லி அழுததை நான் கேட்டேன்.

எனக்கும் இப்போது டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கிறார் என்றேன் அல்லவா. எதற்காக என்று என் வீட்டில் இன்னும் சொல்லவில்லை. நம் வயதில் இருக்கிற ஆண்களுக்கு அது தெரிந்ததுதான். வலி என்று சொன்னால் ஒன்றுக்கு ஒன்பதாகக் கேள்வி வரும், கடையை யார் பார்ப்பது என்று வரும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடுவோம். அப்பாவுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். அவர் தன் வலியை வெளியே சொன்னது அந்த ஒரு தடவைதான். அதையும் அம்மாவுக்கு ஒரு மணி நேரம் வாங்கிக் கொடுப்பதற்காகச் சொன்னார். நாங்கள் நம்பவில்லை.

அம்மா அப்படி அழுததைக் கேட்ட பிறகு, கடைசியில் ஒரு மத்தியானம் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னதைச் சொன்னேன். எனக்குப் பேச்சு கோர்வையாக வராது. தட்டுத் தடுமாறித்தான் சொன்னேன். அம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"அப்ப, அவுக பொய் சொல்லலையா?"

"இல்லம்மா."

"அவுக அக்காகிட்டச் சொன்ன அன்னைக்கே வலி இருந்திருக்கா?"

"இருந்திருக்கும்னுதான் சொன்னாரு."

அம்மா தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். கணுக்கால் மறுபடி வீங்கியிருந்தது. தெருவில் யாரோ சைக்கிளில் மணி அடித்துக்கொண்டு போனார்கள்.

"எங்கிட்டயாச்சும் சொல்லிருந்தா அவுகளையும் கூட்டிக்கிட்டுப் போயிருப்பேனேய்யா. ஒரே பொய்யில ரெண்டு பேரும் நடந்திருக்கலாம்."

சொல்லிவிட்டுச் சுவரைப் பிடித்து எழுந்து, மறுநாளைக்கு அரிசி ஊறப்போடப் போனாள்.